குழாயின் மேல் எழுதப்பட்ட பெயர்

(நோயாளர் உலக தினத்தை முன்னிட்டு வானொலியில் ஒலிபரப்பான சிந்தனையின் எழுத்து வடிவம்)



லூர்து அன்னையின் திருநாளாகிய பெப்ரவரி 11ஆம் திகதியை, நோயாளர் உலக தினமாகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தினார். இந்நாளில் நம் ஆலயங்களில் நோயுற்றோருக்காக மன்றாடுகிறோம். அவர்களைப் பராமரிக்கும் வைத்தியர்கள், தாதியர், வீட்டில் கண்விழித்திருக்கும் உறவினர் எல்லாருக்காகவும் மன்றாடுகிறோம். இன்று இந்த ஒலிவாங்கியின் முன் இருக்கும் நாங்கள் வைத்தியர்களும் அல்லர், தாதியரும் அல்லர். இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில், இரத்தமேற்றல் பிரிவில் வேலை செய்கிறவர்கள்.

'பயோமெடிக்கல் சயன்டிஸ்ட்' என்பது எங்கள் பதவியின் பெயர். இந்த நாட்டில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பெயர். அதற்குரிய படிப்பையும் ஆய்வுகூடப் பயிற்சியையும் முடித்து, சட்டப்படியான பதிவேட்டில் பெயர் பதிந்தவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். ஆனால் நம்முடைய ஆட்களிடம் சொல்லும்போது, "இரத்தம் சோதிக்கிற வேலை" என்று சொன்னால் போதும், விளங்கிவிடும்.

நாங்கள் நோயாளியைக் காண்பதில்லை. எங்களிடம் வருவது ஒரு விரல் நீளமுள்ள குழாய். சில வேளை அதை ஊழியர் ஒருவர் கையில் கொண்டு வருவார். சில வேளை சுவருக்குள் ஓடும் காற்றுக் குழாய் வழியாக, ஒரு சிறு கூட்டுக்குள் இருந்து வந்து விழும். எங்கள் பக்கத்து அறைகளிலும் இப்படித்தான். ஓர் அறையில் இரத்தத்தின் உப்பையும் சீனியையும் அளக்கிறார்கள். இன்னோர் அறையில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கிறார்கள். வேறோர் அறையில் சத்திரசிகிச்சையில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிதாகச் சீவி, நிறம் ஊட்டிக் கண்ணாடியில் வைக்கிறார்கள். இவர்களில் எவரும் அந்த நோயாளியின் முகத்தைக் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குழாயின் மேல் எழுதப்பட்ட பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

குழாய் கைக்கு வந்தவுடன் நாங்கள் இரத்தத்தைப் பார்ப்பதில்லை. முதலில் எழுத்தைப் பார்க்கிறோம். குடும்பப் பெயர், சொந்தப் பெயர், பிறந்த திகதி, தேசிய சுகாதார சேவையின் பத்து இலக்க எண் அல்லது வைத்தியசாலை எண், இரத்தம் எடுத்தவரின் கையொப்பம், எடுத்த நேரம். படிவத்தில் உள்ளதும் குழாயில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து, இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போக வேண்டும். இரத்தமேற்றலுக்கான குழாயில் இந்த விபரங்களை நோயாளியின் கட்டிலருகே நின்று கையால் எழுத வேண்டும் என்பது விதி. எங்கோ அச்சடித்து வைத்த ஒட்டியை எடுத்து ஒட்ட முடியாது. ஒரு இலக்கம் பிசகினாலும் அந்தக் குழாயை ஏற்க மாட்டோம். திருத்தி எழுதவும் விட மாட்டோம். திரும்பவும் இரத்தம் எடுத்து அனுப்புங்கள் என்றே சொல்வோம்.

இது எவ்வளவு கடுமையான வேலை என்பதை ஓர் இரவு எங்களுக்குக் காட்டியது. அந்தக் குடும்பத்தை எவரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியே சொல்கிறோம்.

குளிர்காலம், இரவு இரண்டு மணி இருக்கும். எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஐயாவின் குழாய் வந்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, உடம்பில் இரத்தம் மிகவும் குறைந்துபோய் இருந்தது. பெயரைக் கண்டதுமே நம்முடைய ஆள் என்று தெரிந்துவிட்டது. படிவத்தில் பிறந்த திகதி ஒன்று. குழாயில் வேறொன்று. மாதமும் வேறு, ஆண்டும் வேறு. நாங்கள் வார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்து, மாதிரியை ஏற்க முடியாது என்று சொன்னோம். தாதி கெஞ்சிப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற மகளிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் தொடங்கி, நடுவில் நிறுத்தியது.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம் தங்கச்சி."

"அப்பாவின்ர ரெண்டு கையும் கண்டிப்போய்க் கிடக்குது. மூண்டு தரம் குத்தித்தான் இந்த ரத்தமே வந்தது. அவருக்கு ஊரில பதிஞ்ச திகதி ஒண்டு, பிறந்த திகதி வேற. நேர்ஸ் கேட்டவுடனே உண்மையான திகதியைச் சொல்லிப்போட்டார். உங்களுக்கு இது விளங்கும்தானே?"

எங்களுக்கு விளங்கியது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே. பிறப்பைப் பிந்திப் பதிந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியவர்கள், இடம்பெயர்ந்தபோது கடதாசிகள் எல்லாம் தொலைந்து, நினைவில் இருந்ததைச் சொல்லிப் புதிதாக எடுத்தவர்கள். நம் முதியவர்களில் எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள் இரண்டு. ஒன்று தாய் சொன்னது, மற்றது கடவுச்சீட்டு சொல்வது. அந்த ஐயா பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். இரத்தம் எடுத்தவர் கைப்பட்டியைப் பாராமல் அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார். நடந்தது இதுதான் என்று எங்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிச்சயம்.

ஆனாலும் இல்லை என்றே சொன்னோம்.

இரத்தம் உடனே தேவை என்றால் எவருக்கும் கொடுக்கக்கூடிய அவசர ஓ வகை இரத்தம் தயாராக இருக்கிறது என்று வைத்தியரிடம் சொன்னோம். ஒரு மணித்தியாலம் பொறுக்கலாம் என்று அவர் கணித்தார். நான்காவது தடவையாக ஊசி ஏறியது. புதிய குழாயில் கைப்பட்டியில் உள்ளபடி எல்லாம் சரியாக இருந்தது. சோதித்தோம். முன்பு அதே வைத்தியசாலையில் பதிந்திருந்த அவருடைய இரத்தவகையோடு ஒத்துப்போனது. விடிவதற்கு முன் பொருத்தமான இரத்தம் ஏறத் தொடங்கியது.

மகள் ஒரு கேள்வியை விட்டுச் சென்றார். "அப்ப முதல் குழாயும் அப்பாவின்ர ரத்தம்தானே? சும்மா அவரை நோகப் பண்ணினீங்களோ?"

இதற்கு நாங்கள் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் குழாயை நாங்கள் சோதிக்கவே இல்லை. பெரும்பாலும் அது அவருடைய இரத்தமாகவே இருந்திருக்கும். அன்று அந்த நான்காவது ஊசி பெரும்பாலும் தேவையற்றது. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லின் மேல் ஒரு மனிதரின் உயிரை வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. அவர் நம்முடைய ஆள் என்பதால் அந்த அதிகாரம் வந்துவிடாது. உண்மையில் அங்கேதான் எங்கள் சோதனை இருந்தது. அந்நியர் ஒருவருக்கு இல்லை என்று சொல்வது எளிது. அண்ணை என்று அழைக்கும் குரலுக்கு இல்லை என்று சொல்வது கடினம். இரக்கப்பட்டு அன்று ஓம் என்று சொல்லியிருந்தால், இன்னொரு நாள் இன்னொரு குழாய்க்கும் அதே இரக்கம் வரும்.

அந்த இன்னொரு நாளும் வந்தது. அன்று வந்த குழாயில் ஒரு பிழையும் இல்லை. பெயர், திகதி, எண், கையொப்பம், எல்லாம் சரி. சோதித்தபோது பி வகை என்று வந்தது. அதே ஆளுக்கு எங்கள் கணினியில் முன்பு பதிந்திருந்தது ஏ வகை. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை போன்ற அரிய காரணம் இல்லாமல் மனிதரின் இரத்தவகை மாறுவதில்லை. விசாரித்தோம். அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பேர். இருவரிடமும் இரத்தம் எடுத்தவர், கட்டிலருகே எழுதாமல், இரண்டு குழாய்களையும் மேசைக்குக் கொண்டுபோய் எழுதியிருந்தார். பெயர் ஒருவருடையது, உள்ளே இருந்த இரத்தம் மற்றவருடையது. பழைய பதிவு இல்லாதிருந்தால், ஏ வகைக்காரருக்கு நாங்களே பி வகை இரத்தத்தைக் கொடுத்திருப்போம். பொருந்தாத இரத்தத்தில் ஒரு பை முழுவதும் வேண்டியதில்லை. கொஞ்சம் போனாலே உடம்பு அதை எதிர்த்துச் சிதைக்கத் தொடங்கும். சிறுநீரகம் பழுதாகலாம், உயிரும் போகலாம்.

ஆகையால்தான், முன்பு பதிவு இல்லாத நோயாளியிடம், வேறு வேறு நேரத்தில் இரண்டு மாதிரிகள் எடுக்கும்படி பிரித்தானிய வழிகாட்டல்கள் சொல்கின்றன. "இப்பதானே எடுத்தீங்கள், ஏன் திரும்பவும்?" என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வது அந்த இரண்டாவது ஊசியைப் பார்த்துத்தான். அது எங்கள் கவனக்குறைவு அல்ல. ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் நம்பாமல், இரண்டாவது சாட்சியையும் கேட்கிறோம்.

ஆய்வுகூடத்துக்குள்ளும் அதே முறைதான். வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்ரைனர் என்ற அறிஞர், தம்முடைய இரத்தத்தையும் தம்மோடு வேலை செய்தவர்களின் இரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்து, மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்று 1901இல் வெளியிட்டார். அதற்கு முன், ஒருவருக்கு ஏற்றிய இரத்தம் ஏன் காப்பாற்றுகிறது, இன்னொருவரை ஏன் கொல்கிறது என்று எவருக்கும் தெரியாது. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நாங்கள் வகையை இரண்டு பக்கமிருந்து பார்க்கிறோம். சிவப்பணுக்கள் என்ன சொல்கின்றன என்று ஒரு தடவை. அவை மிதக்கும் திரவம் என்ன சொல்கிறது என்று மறு தடவை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 1952இல் பம்பாயில் வைத்தியர் பெண்டேயும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு புதுமையைக் கண்டறிந்தார்கள். சிலருடைய சிவப்பணுக்களைச் சோதித்தால் ஓ வகை போலவே தோன்றும். ஆனால் அவர்களுடைய இரத்தத் திரவம் ஓ வகை இரத்தத்தையும் எதிர்க்கும். அதே அரிய வகையைச் சேர்ந்தவரின் இரத்தம் மட்டுமே அவர்களுக்குப் பொருந்தும். பாதி விசாரணையோடு நின்றிருந்தால் அவர்களை அறிந்திருக்கவே முடியாது.

நேயர்களே, நாங்களும் பிழை செய்கிறவர்கள்தான். எங்களில் ஒருவர், களைத்துப்போன ஒரு விடியற்காலையில், ஒருவருடைய முடிவை மற்றவருடைய பக்கத்தில் பதிந்தார். இரண்டாவது ஆள் சரிபார்த்தபோது அது பிடிபட்டது. இரத்தம் அறையை விட்டு வெளியே போகவில்லை. எவருக்கும் தெரியாமல் அதை அழித்துவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அவர் தாமாகவே பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லி, தம் கையாலேயே அறிக்கையும் எழுதினார். பிரித்தானியாவில் இரத்தமேற்றலில் நடக்கும் பிழைகளையும், நடக்கப் பார்த்துத் தவறியவற்றையும் சேகரிக்க 1996இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்வது ஒன்றுதான். பெரும்பாலான பிழைகள் இரத்தத்தில் இல்லை, மனிதரின் கைகளில் இருக்கின்றன. பிழையை மறைக்காமல் சொன்னவர்களால்தான் அடுத்தவர் காப்பாற்றப்படுகிறார். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் கற்றுக்கொள்ளும் பாடம் ஆய்வுகூடத்திலும் வேண்டியிருக்கிறது.

பெயரும் பதிவும் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டன் கண்டது. அங்குள்ள சில பெரிய வைத்தியசாலைகளின் ஆய்வுகூடச் சேவை மீது கணினித் தாக்குதல் நடந்தது. கணினிகள் முடங்க, முடிவுகளைக் கடதாசியில் எழுதிக் கையில் கொண்டு ஓட வேண்டியதாயிற்று. ஒவ்வொருவருக்கும் பொருத்தமான இரத்தத்தை வழக்கமான வேகத்தில் பார்க்க முடியவில்லை. ஆகவே எவருக்கும் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய ஓ வகை இரத்தம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஓ வகைக்காரர்கள் வந்து இரத்ததானம் செய்யுங்கள் என்று நாடெங்கும் வேண்டுகோள் விடப்பட்டது. இன்னார் யார் என்று நிச்சயமாகத் தெரியாத இடத்தில், எல்லாருக்கும் பொதுவானதைத்தான் கொடுக்க முடியும். அவருக்கென்று உரியதைக் கொடுப்பதற்கு, அவரை அறிந்திருக்க வேண்டும்.

இனி, வீட்டில் இருந்து கேட்கும் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களுடைய வைத்தியசாலைக் கடிதத்தில் எந்தப் பிறந்த திகதி இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அதைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்களுடைய கைப்பையில் வையுங்கள். "தாதி கேட்டால் இந்தத் திகதியைச் சொல்லுங்கோ அம்மா" என்று பழக்குங்கள். மற்றது அவர்களுடைய பிறந்தநாளாகவே இருக்கட்டும். கேக் வெட்ட அது உதவும்.

நம்முடைய பெயர்களையும் கவனியுங்கள். தகப்பனின் பெயரைப் பின்னால் போடுகிறோம். மனைவி கணவனின் பெயரைப் போடுகிறார். இந்த நாட்டுப் படிவங்களில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதிவிடுகிறார்கள். 'த' என்ற ஓர் எழுத்தை ஒரு கடிதத்தில் 'ரி எச்' என்றும் மறு கடிதத்தில் 'டி எச்' என்றும் எழுதுகிறோம். குடும்ப வைத்தியரிடமும் வைத்தியசாலையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் நோய் வருவதற்கு முன்னமே திருத்தச் சொல்லுங்கள். கையில் பட்டி கட்டியவுடன் அதை வாசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. நம் முதியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் யார் என்ன கேட்டாலும், மரியாதைக்காக, "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஓம்தான். ஆகவேதான் "நீங்கள் இன்னாரா?" என்று கேட்காமல், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கும்படி தாதியருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம். முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் நீங்களாகவே சொல்லுங்கள். மூன்றாம் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். குழாயில் பெயர் எழுதும் வரை அவர் உங்கள் கட்டிலை விட்டு நகராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். "இங்கேயே எழுதுங்கோ" என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு.

உடல்நலம் உள்ளவர்கள் இரத்ததானம் செய்வதையும் எண்ணிப் பாருங்கள். பி வகை, இங்குள்ள வெள்ளையரைவிடத் தெற்காசியரிடையே கூடுதலாக உண்டு. சிவப்பணுக்களைக் குளிரூட்டியில் 35 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நேற்றுக் கொடுத்தவர்களின் கொடை நாளைக்கு முடிந்துவிடும்.

நேயர்களே, நம் ஒவ்வொருவரின் கிறிஸ்தவ வாழ்வும் ஒரு கேள்வியோடுதான் தொடங்கியது. திருமுழுக்குக்குக் குழந்தையைக் கொண்டுபோனபோது, குருவானவர் ஆலய வாசலில் பெற்றோரிடம் முதலில் கேட்டது பிள்ளையின் பெயரைத்தான். நாம் இறந்த பிறகும் நவம்பர் மாதத் திருப்பலிகளில் நம் பெயரை வாசிப்பார்கள். நல்ல ஆயன் தம் ஆடுகளைக் கூட்டமாக ஓட்டாமல், பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. இந்த இரண்டு பெயர் வாசிப்புக்கும் இடையில், வாழ்வின் மிகப் பலவீனமான ஓர் இரவில், நம் பெயர் ஒரு சிறு குழாயின் மேல் எழுதப்படலாம். அப்போது அதைத் தெரியாத ஒருவர் நிலவறை வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பார். அந்த வாசிப்பிலும் அன்பு இருக்கிறது. முகம் காணாதவரையும் இன்னொருவராக எண்ணிவிடாமல், அவராகவே அறிந்துகொள்ள எடுக்கும் சிரமமே அந்த அன்பு.

அந்த ஐயா குணமாகி வீட்டுக்குப் போனாரா என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வேலையில் முடிவைத்தான் அனுப்புகிறோம், முடிவுக்குப் பிறகு நடப்பது எங்களுக்கு வந்து சேர்வதில்லை. இரண்டு நாட்களுக்குப் பின் அவருடைய இன்னொரு குழாய் வந்தது. பெயர் சரி. எண் சரி. பிறந்த திகதி, கடவுச்சீட்டில் உள்ளபடி. யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மகளாகத்தான் இருக்கும்.

இறைவா, இந்த இரவிலும் வலியோடு விழித்திருக்கும் ஒவ்வொருவரையும் நீர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறீர். அவர்களுக்கு ஆறுதல் தாரும். அவர்களுடைய பெயரை எழுதும் கைகளுக்கும் வாசிக்கும் கண்களுக்கும் பொறுமையும் கவனமும் தாரும். பிழை செய்தால் அதை ஒத்துக்கொள்ளும் துணிவைத் தாரும். ஆமென்.

 இறையாசீர் உங்களோடு இருப்பதாக.